கவுன்சில் இளையோர் சேவைக்குச் சக மதிப்பாய்வு: எது பயன், எது குறை

இங்கிலாந்தில் ஒரு கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், தன் இளையோர் சேவை எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியாரைக் கொண்டு பார்த்துக்கொள்ள விரும்பினால், இன்று அதற்குக் கிடைக்கும் வழிகளில் முதன்மையானது சக மதிப்பாய்வு. அதே வேலையை வேறோர் ஊரில் செய்துவரும் அலுவலர்களும் கவுன்சிலர்களும் ஒரு குழுவாக வந்து, சில நாள் தங்கி, ஆவணங்களைப் படித்து, பணியாளர்களோடும் இளையோரோடும் பேசி, கண்டதைக் கடைசி நாளில் நேருக்கு நேர் சொல்லிவிட்டு, பிறகு எழுத்திலும் தருகிறார்கள். எல்.ஜி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் உள்ளாட்சிச் சங்கம், கவுன்சில் நிர்வாகம் முழுவதற்குமான சக மதிப்பாய்வை 2011 முதல் நடத்திவருகிறது. இளையோர் பணியைப் பொறுத்தவரை, லெஸ்டர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய இளையோர் முகமையின் தரநிலைகள்தாம் பெரும்பாலும் அளவுகோல்.

வெளி லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருப்பதால், எங்கள் பகுதிக் கவுன்சிலின் இளையோர் சேவைக்கு இத்தகைய மதிப்பாய்வு நடந்தபோது தன்னார்வ அமைப்புகளுக்கான அமர்வுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மாலை நேரப் பார்வையிடல் ஒன்றிலும் உடன் இருக்க வாய்த்தது. அங்கே கண்டதையும், இந்த ஏற்பாட்டின் விதிகளாக வெளியிடப்பட்டிருப்பவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன். கவுன்சிலின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நான் எடைபோட விரும்புவது, அந்தக் கவுன்சில் பெற்றுக்கொண்ட சேவையை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் குறையைத் தெரிந்துகொள்ள ஏற்கெனவே மனம் வைத்துவிட்ட கவுன்சிலுக்கு இது அருமையான சேவை. மனம் வைக்காத கவுன்சிலின் கதவை இது தட்டுவதே இல்லை. அழைத்தால்தான் வருவார்கள் என்ற ஒரே விதியிலிருந்து இதன் நன்மையும் பிறக்கிறது, குறையும் பிறக்கிறது.

அழைப்புக்குக் காத்திருக்கும் இந்த ஏற்பாட்டிடம் இவ்வளவு பெரிய பொறுப்பு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 507பி என்ற பிரிவு உண்டு. 2006இல் வந்த இன்னொரு சட்டம் அதைச் சேர்த்தது. 13 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கும், கற்றல் இடர்ப்பாடு உள்ளவர்களாயின் 24 வயது வரையிலும், அவர்களது நலனை மேம்படுத்தும் ஓய்வுநேரக் கல்விச் செயற்பாடுகளும் பொழுதுபோக்குச் செயற்பாடுகளும் போதுமான அளவு கிடைக்கும்படி கவுன்சில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. இளையோரின் கருத்தைக் கேட்டறிந்து கணக்கில் எடுக்க வேண்டும், என்னென்ன கிடைக்கிறது என்பதை ஊருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ‘நடைமுறையில் இயன்ற அளவுக்கு’ என்று ஒரு தொடர் இருக்கிறது. போதுமான அளவு என்பது எவ்வளவு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட அரசு வழிகாட்டி, தேவையை அளந்து பார்ப்பதையும் இளையோரின் குரலையும் முன்பைவிடத் தெளிவாக வலியுறுத்துகிறது என்றாலும், தலைக்கு இத்தனை பவுண்ட், ஊருக்கு இத்தனை பணியாளர் என்று எதையும் விதிக்கவில்லை.

ஒரு காலத்தில் எண்கள் இருந்தன. 2002 டிசம்பரில் அன்றைய அரசு வெளியிட்ட தரநிலைகளின்படி, 13 முதல் 19 வயதினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 பவுண்ட் செலவிட வேண்டும். அந்த வயதினரில் 400 பேருக்கு ஒரு முழுநேரப் பணியாளர் இருக்க வேண்டும். அவர்களில் 25 விழுக்காட்டினரையாவது சேவை சென்றடைய வேண்டும். கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட் ஒவ்வொரு கவுன்சிலின் இளையோர் சேவையையும் தனியே ஆய்வு செய்தது. அந்த எண்களை எட்டாத கவுன்சில்கள் பல என்பது உண்மைதான். ஆனாலும் எட்டவில்லை என்று சொல்வதற்கு ஓர் எண் இருந்தது. பிறகு அந்த ஆய்வு சிறார் சேவைகளின் பொது ஆய்வுக்குள் கரைந்தது. இன்று கவுன்சிலுக்கு வரும் ஆஃப்ஸ்டெட் ஆய்வாளர்கள் பராமரிப்பில் உள்ள குழந்தைகளையும் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளையும் பற்றிக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை யாரும் வந்துபோகலாம் என்று திறந்திருக்கும் இளையோர் மன்றம் அவர்களது வரம்பில் இல்லை. கவுன்சில்களின் கணக்கையும் செயல்திறனையும் பார்த்துவந்த தணிக்கை ஆணையத்தை மூடப்போவதாக 2010இல் அறிவித்தார்கள். 2015 மார்ச்சில் அது மூடப்பட்டது. கட்டாயமாகப் பார்க்க வருபவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு எஞ்சிய இடத்தில்தான் சக மதிப்பாய்வு வந்து உட்கார்ந்திருக்கிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு நார்த் சாமர்செட் கவுன்சில் மீதான வழக்கு நல்ல பாடம். அந்தக் கவுன்சில் 2012இல் இளையோர் சேவைக்கான நிதியைப் பெருமளவு குறைத்ததை எதிர்த்து, கற்றல் இடர்ப்பாடு உள்ள ஓர் இளைஞர் வழக்குத் தொடுத்தார். 2013 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 507பி பிரிவின் கடமையையும் சமத்துவச் சட்டக் கடமையையும் கவுன்சில் சரிவர நிறைவேற்றவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நிதியாண்டு அதற்குள் முடிந்துபோயிருந்தபடியால் முடிவை ரத்து செய்ய மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2015இல் இதே வழக்கைக் கையில் எடுத்தபோது அங்கே வாதிக்கப்பட்டது வழக்குச் செலவுத் தொகையைப் பற்றி மட்டுமே. வழக்கில் வென்றும் இளையோர் மன்றத்தின் கதவு திறக்கவில்லை.

இனி மதிப்பாய்வுக்கு வருகிறேன். வருகைக்குச் சில வாரங்கள் முன்பு கவுன்சில் தன்னைப் பற்றித் தானே ஒரு நிலையறிக்கை எழுதித் தர வேண்டும். எது நன்றாக நடக்கிறது, எது இல்லை, எந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறோம் என்று அதில் சொல்ல வேண்டும். வருகிற குழுவில் பொதுவாக வேறு கவுன்சிலின் மூத்த அலுவலர் ஒருவர், இளையோர் சேவையை நேரடியாக நடத்துபவர் ஒருவர், கவுன்சிலர் ஒருவர், ஒருங்கிணைப்பாளர் ஒருவர் என்று இருப்பார்கள். நல்ல குழுவாயின் ஓர் இளம் மதிப்பாய்வாளரும் இருப்பார். எல்.ஜி.ஏ. நடத்தும் முழு நிர்வாக மதிப்பாய்வுக்கு உறுப்புக் கவுன்சில்கள் தனிக் கட்டணம் செலுத்துவதில்லை. அரசு மானியத்தில் அது நடக்கிறது. செலவெல்லாம் நேரமாகத்தான் போகிறது. எங்கள் பகுதியில் அறைகளை ஒதுக்குவது, நேர அட்டவணை போடுவது, ஆவணங்களைத் தொகுப்பது என்று ஓர் இடைநிலை அலுவலரின் ஒரு பருவம் முழுவதும் அதிலேயே கரைந்ததைப் பார்த்தேன். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் இருக்கும் சேவைக்கு அது சிறிய விலை அன்று.

தன்னார்வ அமைப்புகளுக்கான அமர்வு கவுன்சில் கட்டடத்தில் நடந்தது. சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். எங்கள் பகுதியில் இளையோருக்கு எங்கெங்கே என்னென்ன கிடைக்கிறது என்பதை வண்ணப் புள்ளிகள் காட்டின. வடக்கு மாவட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த மதிப்பாய்வாளர், கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, நாங்கள் ஒவ்வொருவரும் எழுந்து சென்று எங்கள் அமைப்பின் புள்ளியைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்றார். பாதிப் பேருக்கு மேல் தொடுவதற்குப் புள்ளியே இல்லை. சனிக்கிழமைதோறும் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்தில் தமிழும் மிருதங்கமும் பரதமும் நடத்தி, பதின்ம வயதினரை உதவி ஆசிரியர்களாகப் பழக்கிவரும் எங்கள் பள்ளி அதில் இல்லை. குஜராத்தி வகுப்பு இல்லை. மசூதியை ஒட்டி நடக்கும் மாலைக் கால்பந்து இல்லை. கோடை முழுவதும் நான்கு வயதுப் பிரிவுகளில் அணி இறக்கும் கிரிக்கெட் கழகமும் இல்லை. கவுன்சில் நிதி பெறும் அமைப்புகளும் கவுன்சில் கட்டடத்தில் நடப்பவையும் மட்டுமே புள்ளி ஆகியிருந்தன. பல ஆண்டுகளாகக் கூட்டங்களில் நாங்கள் முறையிட்டுப் புரியவைக்க முடியாத ஒன்று ஒருசில நிமிடங்களில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. ஊர்க்காரர் சொன்னால் குறை கூறுகிறார்கள் என்று தள்ளிவிடலாம். அதே வேலையில் இருக்கும் இன்னொருவர் செய்து காட்டும்போது அப்படித் தள்ள முடியவில்லை.

மாலைப் பார்வையிடல் இன்னும் நுட்பமானது. நாங்கள் போன மன்றம் அறுபதுகளில் கட்டப்பட்ட தட்டைக் கூரைக் கட்டடம். இளையோர் சேவையைப் பற்றி ஆல்பமார்ல் குழு 1960இல் தந்த அறிக்கையின் பின் நாடெங்கும் எழுந்த கட்டடங்களின் சாயல் அதில் இருந்தது. மழை பெய்தால் வாளி வைக்க வேண்டிய மூலையும் அதில் இருந்தது. கவுன்சில் தரப்பினர் வந்தவர்களைப் புதிய இசைப்பதிவு அறைக்கு அழைத்துச் செல்லவே முனைந்தார்கள். அந்த மதிப்பாய்வாளரோ வாசல் மேசையில் கிடந்த வருகைப் பதிவுத் தாள்களிடம் நின்றுவிட்டார். பல வாரங்களைப் பின்னோக்கிப் புரட்டிய பிறகு, நிலையறிக்கையில் பெருமையாகக் குறிப்பிட்டிருந்த வருகை எண்ணிக்கை எத்தனை தனி ஆட்களைக் குறிக்கிறது என்று கேட்டார். உடனே சொல்ல யாராலும் முடியவில்லை. பதிவேட்டில் அமர்வுக்கு இத்தனை தலை என்று மட்டுமே ஏற்றியிருந்தார்கள். தாளைப் பார்த்தாலோ பெரும்பாலும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. திரும்பத் திரும்ப வருவது குறை அல்ல; ஒரு பிள்ளை வாரம் தவறாமல் வருகிறது என்றால் அங்கே நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் நூறு வருகை என்பதை நூறு இளையோர் என்று கவுன்சிலர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்றால், அந்த எண்ணை வைத்து அவர்கள் எடுத்த முடிவுகளின் நிலை என்ன?

அடுத்து, இரவு மன்றத்தைப் பூட்டுவது யார் என்று கேட்டார். பகுதிநேரப் பணியாளர் ஒருவர், தானும் ஒரு தன்னார்வலரும் என்றார். கடைசியாக மேலாளரோடு உட்கார்ந்து உங்கள் பணியைப் பற்றி எப்போது பேசினீர்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தயங்கி மேலாளரையே பார்த்தார். பெண் பிள்ளைகள் ஏழரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவது ஏன் என்று மதிப்பாய்வாளர் விசாரித்ததில், பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் பாதையில் விளக்கு எரியாதது தெரியவந்தது. விளக்கு வேறு துறையின் பொறுப்பாம். இவை எதுவும் ஆவணங்களில் இல்லை. இளையோர் மன்றத்தைத் தன் கையால் பூட்டித் திறந்து பழகியவருக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும் என்று நினைக்கிறேன். சக மதிப்பாய்வின் உயிர் இதுதான். ஆய்வாளர் வந்தால் பணியாளர் எச்சரிக்கையாகப் பேசுவார், மதிப்பெண் எங்கே போகும் என்று கணக்கிடுவார். இங்கே மதிப்பெண் கிடையாது என்பதால் அன்று இரவு அந்தப் பகுதிநேரப் பணியாளர் மனம் விட்டுப் பேசினார்.

இதுவரை பாராட்டு. இனிக் குறைகள், அவற்றில் முதலாவது நான் மேலே சொன்ன அழைப்பு. முழு நிர்வாக மதிப்பாய்வை 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொள்ள வேண்டும் என்று எல்.ஜி.ஏ. எதிர்பார்க்கிறது, தள்ளிப்போடும் கவுன்சில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இளையோர் சேவைக்கென்று தனியாக அப்படி யாரும் யாரையும் நெருக்குவதில்லை. சேவையையே ஏறத்தாழக் கைவிட்டுவிட்ட கவுன்சில் எதற்காகப் போய் வெளியாரை அழைத்துத் தன் வெறும் அலமாரியைத் திறந்து காட்டப் போகிறது? ஆகவே மதிப்பாய்வு பெறும் கவுன்சில்களின் அறிக்கைகளை மட்டும் படிக்கிறவர், நாடு முழுவதும் நிலைமை ஓரளவு பரவாயில்லை என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதைக் கவுன்சிலே தீர்மானிக்கிறது. எங்கள் பகுதியில் கூட்டாண்மை, இளையோரின் குரல், பணியாளர் மேம்பாடு ஆகிய மூன்றும் கேள்விகளாக வைக்கப்பட்டன. பணம் வைக்கப்படவில்லை. நாடு முழுவதும் நடந்திருப்பது என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையாகப் படும். ஒய்.எம்.சி.ஏ. தொகுத்த கணக்கின்படி, இங்கிலாந்தில் இளையோர் சேவைக்கான கவுன்சில் செலவு 2010–11இல் 140 கோடி பவுண்டாக இருந்தது. 2018–19இல் 43 கோடிக்கும் சற்றுக் குறைவு. பத்தாண்டு முடிவதற்குள் 70 விழுக்காடு போய்விட்டது. இப்படி ஒரு வெட்டுக்குப் பின் எஞ்சியிருக்கும் சேவையிடம், கூட்டாண்மையை எப்படி மேம்படுத்தலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது, பட்டினி கிடப்பவரிடம் பரிமாறும் முறையைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. வந்த குழுவினர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் ஊரிலும் இதே நிலைதான், அதை அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். ஆனால் எல்லாரும் ஒரே வெள்ளத்தில் நிற்கும்போது, தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது என்பதை யாரும் குறையாக எழுதுவதில்லை.

பணத்தைக் கேள்வியாக வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு 2024இல் வந்த ஓர் ஆய்வும் காரணம். நிதி ஆய்வுகளுக்கான நிறுவனமான ஐ.எஃப்.எஸ். வெளியிட்ட அந்த ஆய்வு, 2010க்கும் 2019க்கும் இடையே லண்டனில் இளையோர் மன்றங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு மூடப்பட்டதைப் பின்தொடர்ந்து பார்த்தது. அருகில் இருந்த மன்றத்தை இழந்த 10 முதல் 17 வயதினர் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது, 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பள்ளித் தேர்வில் அவர்கள் பெற்ற முடிவுகளும் சரிந்தன. மூடியதால் மிச்சமான ஒவ்வொரு பவுண்டுக்கும் எதிரே சமூகத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்ட் இழப்பு என்று அது கணக்கிட்டது. இப்படி ஒரு கணக்கு கையில் இருக்கும்போது, மதிப்பாய்வுக் குழு ஒரு கவுன்சிலின் நிதி அலுவலரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நீங்கள் மூடிய மன்றத்தின் செலவு இப்போது எந்தத் துறையின் கணக்கில் ஏறுகிறது என்று கேட்பது வரம்பு மீறல் ஆகாது.

மூன்றாவது குறை அறிக்கையின் மொழி. கடைசி நாள் நேரில் சொன்னபோது குழுத் தலைவர் தெளிவாகவும் சற்றுக் கடுமையாகவும் பேசினார்; வரைபடத்தின் முன் நடந்ததை அப்படியே எடுத்துரைத்தார். எழுத்தில் வந்தபோது அது, பல்வேறு சமூக அமைப்புகளின் பங்களிப்பைப் பற்றிய புரிதலைக் கவுன்சில் மேலும் வளப்படுத்திக்கொள்ளலாம் என்பதுபோன்ற ஒரு வாக்கியமாகச் சுருங்கியிருந்தது. அந்த வாக்கியத்தைப் படிக்கும் யாருக்கும், பாதிப் பேர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவர் முன் நின்றது கண்ணுக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டு விவகாரம் தரவுத் தரத்தை வலுப்படுத்தல் என்று ஆகியிருந்தது. விளக்கு எரியாத பாதையைக் காணவே காணோம். அறிக்கை வரைவைக் கவுன்சில் முன்கூட்டிப் படித்துத் தகவல் பிழைகளைத் திருத்தித் தருவது வழக்கம். அது நியாயம்தான் என்றாலும், திருத்தம் தகவலோடு நிற்கிறதா, தொனியையும் தொடுகிறதா என்று வெளியில் இருப்பவர்கள் அறிய வழியில்லை.

இளையோர் இதில் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேசிய இளையோர் முகமையும் எல்.ஜி.ஏ.யும் சேர்ந்து 2001இல் உருவாக்கிய ‘ஹியர் பை ரைட்’ என்ற தரநிலைச் சட்டகம், ஓர் அமைப்பின் விழுமியங்கள், உத்திகள், கட்டமைப்புகள், நடைமுறைகள், பணியாளர், திறன்கள், தலைமைப் பாங்கு என்று ஏழு தலைப்புகளில் இளையோரின் பங்கேற்பைச் சோதிக்கச் சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஆண்டுக்கு ஒரு முறை இளையோர் பேரவைக்குத் தேர்தல் நடத்திப் படம் எடுத்துப் போடும் கவுன்சில்கள் தேறுவது கடினம். எங்கள் பகுதிக்கு வந்த குழு இளையோரோடு உட்கார்ந்து பேச ஒரு மாலை ஒதுக்கியது. நல்ல முறையில் பேசவும் செய்தது. ஆனால் அமர்வுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பேரவை உறுப்பினர்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், கவுன்சில் கட்டடத்துக்குள் வந்து பழகியவர்கள். மன்றத்தில் நான் பார்த்த, எங்கள் தமிழ்ப் பள்ளியில் முன்பு படித்த பையன் ஒருவனிடம் வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். “போன வருசமும் இதையேதான் கேட்டவை, அங்கிள்,” என்றான். போன வருடம் கேட்டது இந்தக் குழுவாக இருக்க முடியாது. கவுன்சிலின் சொந்தக் கருத்துக் கணிப்பாக இருக்கும். அவனுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. முன்பு சொன்னதற்கு என்ன நடந்தது என்று அவனிடம் யாரும் வந்து சொல்லவில்லை என்பதே விஷயம். சக மதிப்பாய்வு இளையோரிடம் கருத்துக் கேட்பதோடு நிற்காமல், முந்தைய முறை அவர்கள் சொன்னதற்குக் கவுன்சில் கொடுத்த பதில் எங்கே என்று கவுன்சிலிடம் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு தாள் இருக்கிறதா, இல்லையா என்பதிலேயே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

மாற்றாக வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தால், தேசிய இளையோர் முகமையின் தரக்குறி உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் கொண்டது. ஒரு மன்றமோ ஓர் அமைப்போ தன் நாளாந்த நடைமுறையை ஒழுங்குபடுத்திக்கொள்ள அது மிகவும் பயன்படும். எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கும் எட்டக்கூடியது. ஆனால் கவுன்சிலின் முடிவெடுக்கும் முறையையோ துறைகளுக்கு இடையிலான இடைவெளியையோ அது தொடாது. அதற்குச் சக மதிப்பாய்வே பொருத்தம்.

எல்.ஜி.ஏ.யின் முழு நிர்வாக மதிப்பாய்வில் இருக்கும் கால எல்லைகளை இளையோர் சேவை மதிப்பாய்வுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே வருகை முடிந்து 3 மாதத்துக்குள் அறிக்கையை வெளியிட வேண்டும், 5 மாதத்துக்குள் செயல்திட்டம் வர வேண்டும், ஓராண்டுக்குள் குழுவினர் திரும்பி வந்து முன்னேற்றத்தைப் பார்த்து அதையும் வெளியிட வேண்டும். எங்கள் பகுதி அறிக்கை வெளியானது உண்மை. குழுக் கூட்டம் ஒன்றின் நிகழ்ச்சி நிரலோடு சேர்ந்த மிக நீண்ட கோப்பின் நடுவில் அது கிடந்தது. இன்ன நாளில் இன்ன குழு கூடியது என்று தெரிந்தவர் மட்டுமே தேடி எடுக்க முடியும். செயல்திட்டத்தில் பெரும்பாலான வரிகளுக்குப் பொறுப்பாளர் பெயர் இருந்தது. கெடுநாள் இருந்த வரிகள் குறைவு. பணம் ஒதுக்கப்பட்ட வரிகள் அதைவிடக் குறைவு. திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வருகைக் குழுவின் உழைப்புக்கு இது நியாயம் செய்வதாகத் தெரியவில்லை.

இந்தச் சேவையைப் பெற நினைக்கும் கவுன்சிலுக்கு என் பரிந்துரை: பெறுங்கள், ஆனால் பணத்தையும் ஒரு கேள்வியாக வையுங்கள், நிலையறிக்கையில் தனி ஆள் எண்ணிக்கையையும் வருகை எண்ணிக்கையையும் பிரித்துக் காட்டுங்கள், மன்றங்களைப் பார்வையிடும் மாலைகளை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் வருபவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். குழுவில் கவுன்சிலராக வருபவர் நிதி முடிவுகளில் கை வைத்த அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. எங்கள் பகுதிக்கு வந்த கவுன்சிலர் மிகவும் இனியவர், ஆனால் வரவுசெலவுப் பக்கம் போகவே இல்லை.

குடியிருப்பாளர்களும் சமூக அமைப்புகளும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது மதிப்பாய்வு நடக்கும் மாதத்தைக் கவனிப்பது. கவுன்சில்கள் தங்கள் வரவுசெலவுத் திட்டத்தைப் பெரும்பாலும் பிப்ரவரியில் நிறைவேற்றுகின்றன. கவுன்சில் வரியை மார்ச் 11க்கு முன் முடிவு செய்துவிட வேண்டும் என்பது சட்டம். மதிப்பாய்வு செப்டம்பரில் நடந்தால் அறிக்கை டிசம்பருக்குள் வந்துவிடும். பரிந்துரைகளுக்கு அந்த ஆண்டே பணம் கேட்கலாம். ஏப்ரலில் நடந்தால், எவ்வளவு நல்ல பரிந்துரையாக இருந்தாலும், ஓராண்டு அலமாரியில் கிடக்கும். நார்த் சாமர்செட் இளைஞரின் கையில் தீர்ப்பு கிடைத்தபோது ஆண்டு முடிந்துபோயிருந்ததைப் போலவே இதுவும் ஆகும். எங்கள் பகுதியில் குழு வந்தது மே மாதத்தில். பல கவுன்சில்கள், கவுன்சிலர்கள் அனைவரும் கூடும் முழுமன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் எழுத்துமூலம் கேள்வி கேட்க இடம் தருகின்றன. உங்கள் கவுன்சில் இளையோர் சேவைக்குச் சக மதிப்பாய்வு பெறப் போவதாகக் கேள்விப்பட்டால், அது எந்த மாதம், அறிக்கை எந்தக் கூட்டத்துக்கு வரும், அந்தக் கூட்டம் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னா பின்னா என்று எழுதிக் கேட்டுவையுங்கள்.